கேளுங்கோ சொல்லுறன்: ஒபிஸ் ஃபைலை வெளி ஆக்களுக்கு அனுப்பேக்க

கேள்வி: அண்ணே, நான் ஒரு தொண்டு நிறுவனத்தில வேலை செய்யிறன். வாழ்வாதார உதவி எடுத்த குடும்பங்களின்ட லிஸ்ட் எக்செல்ல இருக்குது, பேர், ஐடி நம்பர், ஃபோன் நம்பர், பேங்க் கணக்கு, வீட்டில ஆர் இல்லை எண்டது வரைக்கும் அதுக்குள்ள கிடக்கு. கொழும்பில இருந்து ஓடிட் ஆக்கள் அதைக் கேக்கினம். இவ்வளவு காலமும் மெயில்ல அட்டாச் பண்ணித்தான் அனுப்பினது, இப்ப புதுசா வந்த தம்பி ஒராள் கூகிள் ட்ரைவில போட்டு லிங்க் குடுப்பம் எண்டுறார். எது நல்லம்?
- வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, மெயிலா லிங்கா எண்டதை பிறகு பாப்பம், முதல்ல அந்த லிஸ்டைத் திறந்து ஓடிட்காரருக்கு இதில எந்தக் கொலம் வேணும் எண்டு அவையிட்டயே கேளுங்கோ. காசு குடுபட்டதோ, எவ்வளவு, எப்ப, இதைத்தான் அவை பாக்கப்போகினம். புருசன் காணாமல் போனவர் எண்ட விவரம் அவைக்கு எதுக்கு? ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இலக்கம் போட்டு, இலக்கமும் தொகையும் திகதியும் மட்டும் உள்ள ஒரு புது ஃபைல் செய்து குடுங்கோ. எந்த இலக்கம் எந்தக் குடும்பம் எண்ட ஃபைல் ஒபிஸை விட்டு வெளிய போகவே தேவையில்லை, சாம்பிளுக்கு பத்துக் குடும்பத்தைச் சரிபாக்கோணும் எண்டா அந்தப் பத்தை மட்டும் குடுக்கலாம், இல்லாட்டி அவை வரேக்க உங்கட மேசையில வச்சுக் காட்டலாம்.

ஐடி நம்பர் தானே, அதில என்ன இருக்கு எண்டு கனபேர் நினைக்கினம். பழைய ஐடியில முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தின்ட எத்தினையாவது நாள் எண்டது, பெண் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 85532 எண்டு தொடங்கினா 1985 பெப்ரவரி 1 பிறந்த ஒரு பெண், அவ்வளவுதான், ஆரும் கண்டுபிடிக்கலாம். புது 12 இலக்க ஐடியிலயும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா வருது. அந்த நம்பர், ஃபோன் நம்பர், பேங்க் கணக்கு மூண்டும் ஒரே வரியில இருந்தா, பேங்கில இருந்து கதைக்கிறன் எண்டு ஏமாத்திறவனுக்கு வேற ஒண்டும் தேவையில்லை. 2006ல சம்பூர்ப் பக்கத்தால இடம்பெயர்ந்த சனம் எத்தனை பதிவுக்கு, எத்தனை ஒபிசுக்கு ஐடி கொப்பி குடுத்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அந்தக் கொப்பியெல்லாம் இப்ப எங்க கிடக்குதெண்டு அதுகளுக்கே தெரியாது. எனக்கு இதில கோவம் வரும், ஏனெண்டா உதவி கேட்டு வந்த ஆள் வேண்டாம் எண்டு சொல்லுற நிலையில இல்லை. எங்கட நாட்டில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்குது, எந்தத் தேவைக்கு வாங்கினீங்களோ அந்தத் தேவைக்கு வேணுமான அளவுதான் எண்டதுதான் அதின்ட அடிப்படையில ஒண்டு.

இப்ப அனுப்புற விசயம். தம்பி சொல்லுறது சரி, ஆனா லிங்க் எண்டதில ரெண்டு வகை இருக்கு. 'எனிவன் வித் த லிங்க்' எண்டதைப் போட்டா அந்த லிங்க் ஆரின்ட கையில கிடைச்சாலும் திறக்கும், ஒருத்தர் வட்ஸ்அப் குரூப்பில தட்டி விட்டா அவ்வளவு பேரும் பாக்கலாம், ஆர் பாத்தது எண்டு உங்களுக்குத் தெரியவும் வராது. 'ரெஸ்ட்ரிக்டட்' எண்டதில விட்டிட்டு, ஓடிட்டரின்ட மெயில் விலாசத்தைப் போட்டு, 'வியூவர்' எண்டு மட்டும் குடுங்கோ, அதோட செட்டிங்ல பாக்கிற ஆக்கள் டவுன்லோட், பிரிண்ட், கொப்பி செய்யிற வசதியை எடுத்து விடலாம். ஸ்கிரீனை ஃபோட்டோ எடுக்கிறதை ஒருத்தராலயும் தடுக்க ஏலாது, அதுக்குத்தான் நான் முதலே கொலத்தைக் குறைக்கச் சொன்னது. வேலை முடிஞ்ச அண்டைக்கே அவரின்ட பேரை எடுத்து விடுங்கோ. காசு கட்டி எடுக்கிற ஒபிஸ் கணக்கெண்டா முடிவுத் திகதியே போட்டு விடலாம், மைக்ரோசொஃப்ட் ஒன்ட்ரைவில காசு கட்டின கணக்கில திகதியோட பாஸ்வேர்டும் போட ஏலும். ஒண்டைக் கவனியுங்கோ, முழு ஃபோல்டரை ஷெயார் பண்ணாதேங்கோ, பிறகு ஆறு மாசம் கழிச்சு நீங்கள் அந்த ஃபோல்டருக்குள்ள வேற எதைப் போட்டாலும் அதுவும் அவருக்குத் தெரியும்.

மெயில்ல அட்டாச் பண்ணினா என்ன பிழை எண்டு கேப்பீங்கள். போனது போனதுதான், அவரின்ட இன்பொக்ஸ், லெப்டொப், ஃபோன், அவர் ஃபோர்வேட் பண்ணின ஆக்கள் எண்டு எல்லா இடமும் ஒவ்வொரு கொப்பி. ரெண்டெழுத்து அடிக்க அதுவாவே விலாசத்தை நிரப்பிற பழக்கமும் இருக்கு, அதால பிழையான ஆளுக்குப் போறது நடக்கிற விசயம், ஜிமெயில்ல அனுப்பினதைத் திருப்பி எடுக்க கூடினா 30 செக்கன்தான் தரும்.

கேள்வி: எக்செல்ல தேவையில்லாத கொலத்தை ஹைட் பண்ணி, ஷீட்டை பாஸ்வேர்ட் போட்டு புரொடெக்ட் பண்ணி அனுப்பினா காணாதா?
- வாசகர், மூதூர்

பதில்: காணாது. ஹைட் பண்ணின கொலம் ஃபைலோடயே போகுது, ரெண்டு கிளிக்கில வெளிய வரும். ஷீட் புரொடெக்ட் எண்டது தவறுதலா ஒருத்தர் எண்ணை மாத்தாம இருக்கிறதுக்குத்தான், களவா பாக்கிறதைத் தடுக்க இல்லை. தேவையில்லாததை அழிச்சு வேற பேரில சேவ் பண்ணுங்கோ. பிறகு ஃபைல், இன்ஃபோ எண்டு போய் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' எண்டதைக் குடுங்கோ, அதுதான் உண்மையான பூட்டு, பாஸ்வேர்டை மறந்தா மைக்ரோசொஃப்ட்டாலயும் எடுத்துத் தர ஏலாது. அந்தப் பாஸ்வேர்டை அதே மெயில்ல எழுதினா பூட்டிப்போட்டு திறப்பைக் கதவிலயே விட்ட மாதிரி, கோல் எடுத்துச் சொல்லுங்கோ.

கேள்வி: நிலாவெளியில ஒரு ஹோட்டல் ரிசப்சன்ல நிக்கிறன். ட்ராவல் ஏஜென்ட்மார் கெஸ்டின்ட பாஸ்போட் கொப்பியை வட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுவினம், நாங்களும் எங்கட எங்கட ஃபோனில எடுத்து அனுப்பிறனாங்கள். வட்ஸ்அப் பாதுகாப்புத் தானே?
- வாசகர், நிலாவெளி

பதில்: வட்ஸ்அப்ல போற வழி பாதுகாப்புத்தான் தம்பி, 2016ல இருந்து நடுவில ஆரும் பாக்க ஏலாத மாதிரித்தான் மெசேஜ் போகுது. பிரச்சினை ரெண்டு கரையிலயும் இருக்கு. நீங்கள் எடுத்த பாஸ்போட் படம் உங்கட கெலரியில, பிள்ளையின்ட பேர்த்டே படத்துக்குப் பக்கத்தில கிடக்குது, அங்கால கூகிள் ஃபோட்டோஸ் பேக்கப்புக்கும் போயிருக்கும். சீசன் முடிய வேலையை விட்டுப் போற பொடியனின்ட ஃபோனில எத்தினை பேரின்ட பாஸ்போட் போகுது எண்டு முதலாளி ஒருக்கா கணக்குப் பாக்கோணும். ஏஜென்டின்ட ஃபோனிலயும் இதே கதைதான்.

முதல்ல, கொப்பியே வேணுமோ எண்டு கேளுங்கோ. பேரும் பாஸ்போட் நம்பரும் காணுமெண்டா டைப் பண்ணி அனுப்புங்கோ. கொப்பிதான் வேணுமெண்டா கெஸ்டிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு, படத்துக்குக் குறுக்கால 'இன்ன ஏஜென்சிக்கு இன்ன புக்கிங்குக்கு மட்டும்' எண்டு திகதியோட எழுதி, ஹோட்டலின்ட ஃபோனில இருந்து மட்டும் அனுப்புங்கோ, அப்பிடி எழுதின கொப்பியை வேற வேலைக்குப் பாவிக்கிறது லேசில்லை. அந்த ஏஜென்டோட இருக்கிற வட்ஸ்அப் சட்டில (chat) மறையிற மெசேஜ் செட்டிங்கைப் போட்டா 24 மணித்தியாலத்திலயோ 7 நாளிலயோ 90 நாளிலயோ சட்டில இருந்து அழியும், ஆனா அவர் அதுக்கு முதல் சேவ் பண்ணியிருந்தா அது நிக்கும். கெலரிக்குப் போறதையும் வட்ஸ்அப் செட்டிங்ல நிப்பாட்டி விடுங்கோ. பிறகு, பிரிண்ட் எடுக்க எண்டு பக்கத்துக் கொமினிகேஷன்ல வட்ஸ்அப் வெப்பைத் திறக்கிற வேலை வேண்டவே வேண்டாம், திறந்திருந்தா ஃபோனில 'லிங்க்ட் டிவைசஸ்' எண்டதுக்குள்ள போய் தெரியாத கொம்பியூட்டர் எல்லாத்தையும் இப்பவே லொக் அவுட் பண்ணுங்கோ.

கேள்வி: டென்டர் பேப்பரில விலையைக் கறுப்புப் பெட்டி போட்டு மறைச்சு பிடிஎஃப் ஆக்கி சப்ளையருக்கு அனுப்பினம், அவர் விலையைச் சொல்லுறார். எப்பிடி?
- வாசகர், கிண்ணியா

பதில்: பெட்டி மேல, எழுத்துக் கீழ அப்பிடியே. செலக்ட் பண்ணி கொப்பி எடுத்து நோட்பேடில போட்டா வந்திடும். வேர்டிலயே அந்த விலையை அழிச்சு அதில கோடு போட்டிட்டு பிறகு பிடிஎஃப் ஆக்குங்கோ. அதுக்கு முதல் வேர்டில 'இன்ஸ்பெக்ட் டொக்கியுமென்ட்' எண்டதை ஓட்டுங்கோ, பழைய கொமென்ட், திருத்தம், எழுதினவரின்ட பேர் எல்லாம் காட்டும், வேண்டாததை அதிலயே எடுத்து விடலாம்.

கேள்வி: எங்கட கடையின்ட சம்பளப் பட்டியல், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) சி ஃபோம், கணக்கு எல்லாம் வெளியில ஒரு எக்கவுண்டனுக்குத்தான் ட்ரைவில ஷெயார் பண்ணிறது. இதெல்லாம் செய்தது கணக்குப்பிள்ளைப் பிள்ளை, தன்ர சொந்த ஜிமெயில்ல. இப்ப அவ கலியாணம் கட்டிக் கனடா போறா. என்ன செய்ய?
- கடை முதலாளி, மெயின் ஸ்ட்ரீட்

பதில்: அவ போறதுக்கு முதல் இந்தக் கிழமையே இருந்து செய்யுங்கோ ஐயா, பிளேன் ஏறினாப் பிறகு நேர வித்தியாசத்தோட ஓடித்திரிய வேண்டி வரும். சொந்த ஜிமெயில்ல போட்ட ஃபைலுக்குச் சொந்தக்காரி அவதான், கூகிளின்ட கண்ணில உங்கட கடைக்கு அதில ஒரு உரிமையும் இல்லை, நாளைக்கு அவ அந்தக் கணக்கை அழிச்சா ஃபைலும் போகும். கடைக்கெண்டு தனியா ஒரு கணக்குத் திறந்து, அதின்ட பாஸ்வேர்டும் ரெண்டாவது சரிபார்ப்புக்குக் குடுக்கிற ஃபோன் நம்பரும் உங்கட கையில இருக்கட்டும். அவ ஒவ்வொரு ஃபைலின்ட 'ஓனரை' அந்தக் கணக்குக்கு மாத்தி விட, நீங்கள் அதில போய் ஏற்றுக்கொண்டாத்தான் மாறும். கனக்க இருந்தா டவுன்லோட் பண்ணி புதுக் கணக்கில ஏத்துறது சுகம், பிறகு பழையதை அவ அழிக்கட்டும்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஃபைலிலயும் ஷெயார் எண்டதைத் திறந்து ஆர் ஆர் பேர் இருக்கு எண்டு பாருங்கோ. மூண்டு வருசத்துக்கு முதல் விட்ட பழைய எக்கவுண்டனின்ட பேர் இன்னும் இருந்தாலும் இருக்கும். சம்பளப் பட்டியலில ஈபிஎஃப்புக்குப் போற உங்கட வேலையாக்களின்ட 8 வீதமும் நீங்கள் போடுற 12 வீதமும் மட்டுமில்லை, ஒவ்வொருத்தற்ற ஐடி நம்பரும் கிடக்குது, அதைப் பாக்க வேண்டிய ஆள் இப்ப ஒருத்தர்தான். அந்தப் பிள்ளையிட்ட சந்தேகப்பட்டுக் கேக்கிற மாதிரி இல்லாம, நல்லபடியா இருத்தி வச்சுச் செய்யுங்கோ, இவ்வளவு நாளும் ஒழுங்கா ஷெயார் பண்ணி வச்சதே அவதானே.