மலை ஒரு நாள், கடல் ஒரு நாள்

கேள்வி: சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். வகுப்பில் 46 பேர். நான்தான் வகுப்புப் பிரதிநிதி. கடலும் மலையும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்பதால் விசாகப்பட்டினம், அரக்கு என்று நான்கு நாள் சுற்றுலா திட்டமிட்டோம். தலைக்கு 6,500 ரூபாய். 32 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மற்ற 14 பேர் வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சொல்கிறார்கள். வருகிறவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, சேலம்

பதில்: அன்பு மகளுக்கு,

அந்த 14 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று நினைக்கிறாய்? நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல் நாள் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அப்பாவிடம் பணம் இல்லை என்று தெரியும். அதை அவர் வாயால் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. போய்வந்த தோழி ஒரு சங்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இன்றும் அது என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய அன்பும் நினைவுக்கு வருகிறது. அன்று முழுவதும் போர்வைக்குள் கிடந்து அழுததும் நினைவுக்கு வருகிறது.

கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகள் சேலத்தில் ஏராளம். அப்படி ஒரு வீட்டில் 6,500 ரூபாய் என்றால் எதையாவது அடகு வைக்க வேண்டியிருக்கும். அதனால் என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 32 பேரோடு விசாகப்பட்டினம் போவதைவிட 46 பேரோடு பக்கத்தில் போய்வா.

அரக்கு அழகான இடம், மறுக்கவில்லை. சுரங்கப்பாதைகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவரும் ரயிலும், போரா குகைகளின் சுண்ணாம்புத் தூண்களும் பார்க்க வேண்டியவைதான். சொந்தச் சம்பாத்தியம் வந்தபின் போங்கள். மலைக்காக இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரக்குப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தினமும் அண்ணாந்து பார்க்கும் ஏற்காடு 1,500 மீட்டர்! காப்பித் தோட்டம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களிலேயே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்துவிட்டது. வரலாறு படிக்கிற உங்களுக்கு இது வாசலிலேயே கிடக்கும் பாடம்.

ஆகவே சுற்றுலாவை இரண்டாகப் பிரித்துவிடு. முதலில் ஏற்காடு, ஒரே நாள், அரசுப் பேருந்தில். கூட்டம் குறைவாக இருக்கும் வார நாளாகப் பார்த்துக்கொள். இரவு தங்கல் இல்லாததால், பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளும் சம்மதிக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, யார் சொல்லாமல் தனியே போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் அன்றே உனக்குத் தெரிந்துவிடும். அடுத்த பயணத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று அவரவர் வீடு இருக்கும் திசையைத் தேடுங்கள். சேர்வராயன் குகைக் கோயிலுக்கும் அவசியம் போங்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அங்கே சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள்.

அந்தக் காவேரி கடலில் சேரும் இடம் பூம்புகார். இரண்டாவது பயணம் அங்கேதான். அதற்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்திலேயே, அலை அரித்து ஒரு பகுதியை விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊரும் இதுதான். இங்கே அவர் நிறுவிய அச்சகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் அச்சாயின. புதுச்சேரியை நான் ஏன் சொல்லவில்லை என்பது உனக்கே புரியும். அந்தப் பெயரைக் கேட்டதும் பல அப்பாக்களின் முகம் மாறிவிடும்.

ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் பஸ் பிடித்தால் ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். நள்ளிரவில் கிளம்பாதீர்கள். பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டிய டிரைவர் இரவில் உங்களையும் ஏற்றிக்கொண்டு கண் அசந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். விடியற்காலையில் புறப்பட்டு, ஓர் இரவு தங்கி, மறுநாள் பகலிலேயே திரும்புங்கள். பெற்றோரிடம் பேசும் பொறுப்பை உங்கள் பேராசிரியை ஒருவரிடம் கொடு. மாணவி சொல்வதைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

கடலைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். உங்கள் பையன்களில் பலர் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களாக இருப்பார்கள். கிணற்று நீர் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது, கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலைநீர் சில இடங்களில் ஒரு வாய்க்கால்போலக் கூடி உள்ளே திரும்பிப் போகும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக, குளிக்க வசதியாகத் தெரியும். அங்கேதான் ஆபத்து. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி முட்டிமோதக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவன் தத்தளிக்கிறான் என்று நண்பர்கள் வரிசையாகக் குதிப்பதால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. கயிறையோ காலி கேனையோ வீசி, மீனவர்களைக் கூப்பிடச் சொல். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. பூம்புகாரில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் காலே வைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஜனவரிக்கு மேல் போங்கள்.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். 46 பேருக்கும் துண்டுச் சீட்டு கொடு. பெயர் எழுதாமல், தன்னால் தர முடிந்த தொகையை மட்டும் எழுதி மடித்துப் போடட்டும். எல்லாவற்றிலும் சிறிய தொகை எதுவோ அதுதான் கட்டணம். அதற்குள் அடங்குகிற மாதிரி பஸ்ஸையும் சாப்பாட்டையும் அமைத்துக்கொள். முடிந்தவர்கள் கூடுதலாகத் தர விரும்பினால் ஒரு மூடிய பெட்டியில் போடட்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது உனக்கும் தெரிய வேண்டாம். 'ஏழை மாணவர் நிதி' என்று மட்டும் அறிவித்துவிடாதே, மகளே. அந்தப் பெயரைக் கேட்டாலே அந்த 14 பேருக்கும் மறுபடி உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

முதலில் பெயர் கொடுத்தவர்களில் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். திங்கட்கிழமையே சீட்டுகளைக் கொடுத்துவிடு. எந்தத் தொகை வந்தது என்று எனக்கு எழுது.