மருவை விரட்ட மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. விரல்களிலும் உள்ளங்காலிலும் இருபதுக்கு மேல் மருக்கள். திரவ நைட்ரஜன் 3 முறை வைத்தும் திரும்ப வருகின்றன. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? நண்பருக்கு மருவிலேயே தடுப்பூசி போட்டுச் சரியானதாம். எனக்கும் போடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தினால், மரு போகிறதோ இல்லையோ, சிறுநீரகம் போய்விடக்கூடும். நண்பருக்குப் போட்டது எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியாக இருக்கலாம். அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ், உங்களுக்கு ஆகாது. தவிர, அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பித்தான் மருவைக் கரைக்கிறது. உங்கள் உடலில் அதைத்தானே தூங்க வைத்திருக்கிறார்கள்!

நைட்ரஜன் தோற்றதும் இதனால்தான். அது தோலை உறையவைத்து அழிக்குமே தவிர, வைரஸைக் கொல்லாது. மருவைச் சுற்றி, பார்க்க நல்ல தோலாகத் தெரியும் இடத்திலும் மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் ஒளிந்திருக்கும். மற்றவர்களுக்கு மிச்சத்தை உடலே துடைத்துவிடும். உங்களுக்குத் துடைக்க ஆள் குறைவு. ஆகவே விடாமல் தேய்ப்பதுதான் வழி.

இரவில் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, வெள்ளையாக மெத்தென்று ஆன தோலை நகம் தேய்க்கும் அட்டை அரத்தால் தேய்த்தெடுங்கள். ரத்தம் வரும்வரை தேய்த்தால் வைரஸ் பரவும். அந்த அரத்தை வேறு எதற்கும், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் சாலிசிலிக் அமிலம் வையுங்கள்: விரலுக்கு 17 சதவீதத் திரவம், உள்ளங்காலின் தடித்த தோலுக்கு 40 சதவீத பிளாஸ்திரி. புண்ணானால் சில நாள் இடைவெளி விடுங்கள். குறைந்தது 12 வாரம் தொடர வேண்டும். பலரும் மூன்றாவது வாரமே கைவிடுகிறார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் இந்த அமிலம் வேண்டவே வேண்டாம்.

இதோடு 2, 3 வாரத்துக்கு ஒருமுறை நைட்ரஜனும் வைக்கலாம். கொப்புளம் ஆறிய பிறகே மீண்டும் அமிலம். அதற்கும் மசியாவிட்டால் 5-ஃபுளூரோயுராசில் களிம்பு, மருவுக்குள் பிளியோமைசின் ஊசி, சிடோஃபோவிர் களிம்பு என்று தோல் மருத்துவரிடம் வழிகள் உண்டு. சிலருக்கு மாத்திரையை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாற்றியதும் மரு குறைகிறது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் சிறுநீரக மருத்துவர்.

வேகமாக வளர்கிற, ரத்தம் கசிகிற, ஆறாத, தொட்டால் வலிக்கிற மரு ஏதாவது இருந்தால் அதில் அமிலம் வைக்காதீர்கள். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு மரு போலவே தோல் புற்றுநோயும் தோன்றும். முதலில் அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.