ஜி சுருதியில் மனைவியின் குரல் அமுங்குவது பற்றி

நீங்கள் இருவரும் சேர்ந்து பாடும் பாடலில், மனைவி பாடும் இரண்டாம் சரணத்தில் அவர் குரல் அமுங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சரணத்தை மட்டும் சி சுருதிக்கு உயர்த்திவிடுங்கள். பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் அந்த கன்ட்ரி (அமெரிக்க கிராமிய இசைப் பாணி) இணைப்பாடலை முழுவதும் உங்களுக்கு வசதியான ஜி சுருதியிலேயே பாடுவதுதான், உங்கள் மனைவியின் குரல் அங்கே அமுங்கிப்போவதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஆணுக்கு இதமான மெட்டு, பெண்ணுக்கு அதே ஸ்தாயியில் மிகத் தாழ்வாகவும், ஒரு ஸ்தாயி மேலே போனால் கீச்சென்றும் அமைவது வழக்கம்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு இயல்பாக வரும் உயரத்தில் அந்தச் சரணத்தை முணுமுணுக்கச் சொல்லுங்கள். அவர் தொடங்கும் சுரத்தைப் பிறகு தந்தியில் தேடிப் பாருங்கள்.

மாற்றம் எளிது. முதல் சரணத்தின் கடைசி ஜி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி), இன்னொரு சுரம் கூடிய ஜி செவனாக்கி இரண்டு தாளச் சுற்று நீட்டினால், காது தானாகவே சி-யை எதிர்பார்க்கும். பாடலில் இத்தனை நாள் பேசாதிருந்த பெண் வாய் திறக்கும் இடமும் அதுவே என்பதால், அந்த உயர்வு பாடலின் பொருளுக்கும் அழகாகப் பொருந்தும்.

அவருக்கு டி சுருதிதான் ஒத்துவருமெனில், ஜி செவனுக்குப் பதிலாக ஏ செவன் வாசியுங்கள்.

1975இல் மணமுறிவு பெற்ற பின்னரும் அமெரிக்க கன்ட்ரி பாடகர்கள் ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் சேர்ந்து பதிவுசெய்த பாடல்களை இருவருமாக ஒருமுறை கேளுங்கள்.