செம்பூர் மாடியில் ஓரியன் நெபுலா சாம்பலாகத் தெரிவது ஏன்?

6 அங்குலத் தொலைநோக்கியிலும், விண்வெளியில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலா படங்களில் உள்ளதுபோல் சிவக்காமல் சாம்பல் புகையாகவே தெரிகிறது, தொலைநோக்கியின் கண்ணாடியில் குறையா என்று கேட்டிருந்தீர்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். குறை நம் கண்ணில்தான் இருக்கிறது. மங்கிய ஒளியில் நிறமறியும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, நிறமறியாத கோல் செல்களே வேலை செய்கின்றன. அவை ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை, நெடுநேரம் ஒளியைச் சேர்க்கும் கேமராவோ அதைப் பிடித்துவிடுகிறது.

500 நானோமீட்டரை ஒட்டிய ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஓ-3 வடிகட்டியைப் பொருத்தினால், தெருவிளக்குகளின் வெளிச்சம் பெருமளவு அடங்கி நெபுலாவின் விளிம்புகள் தெளியும்; நிறம் மட்டும் வராது. கண் இருளுக்குப் பழக, பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் கைப்பேசித் திரையைப் பார்க்காமல் இருளில் இருங்கள்.