பழைய 407க்கு மாற்று என்ஜினா, உடைப்பு வண்டியா?

கேள்வி: பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் 2008 மாடல் டாடா 407 வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக ஆயில் குறைகிறது. லோடுடன் பாம்பன் பாலம் ஏறினால் நீலப் புகை வருகிறது. மதுரையில் பழைய என்ஜின் ஒன்று விலைக்கு இருக்கிறது, ‘மாட்டினால் ஓடும்’ என்கிறார்கள். தேவிபட்டினத்தில் இதே மாடல் வண்டி ஒன்று முன்பக்கம் அடிபட்டு இரண்டு வருடமாக வெட்டவெளியில் நிற்கிறது. பாகங்களுக்காக அதை முழுவதுமாகவே தருவதாகச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இரண்டுக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உங்கள் வண்டியின் அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸைப் பாருங்கள்.

கடலோர மீன் வண்டிக்கு எமன் பெரும்பாலும் என்ஜினிலிருந்து வருவதில்லை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்த மரக்கட்டையில் ஊறி நிற்கிறது. அந்தக் கட்டை முழுதாகக் காய்வதே இல்லை. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கட்டைக்கு அடியில் இரும்பு ஏடு ஏடாகப் பெயர்ந்திருக்கும். சிறிய சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மொத்தென்று கேட்கும், துருச் செதில் கொட்டும். பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், கிராஸ் மெம்பர் ரிவெட் சேரும் இடம், கேபினின் பின் மூலைகள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். பிரேக் பைப்பையும் துணியால் துடைத்து உற்றுப் பாருங்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். உங்களுடையது 15 ஆண்டையும் தாண்டிவிட்டதால் கட்டணமும் கூடுதல். சேஸிஸ் போயிருந்தால் எந்த என்ஜின் வாங்கினாலும் அந்தப் பணம் வீண். அப்போது இந்த வண்டியையே விற்றுவிட்டு வேறு வண்டி பார்ப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

சேஸிஸ் தேறியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, உங்கள் என்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? ஆயில் குடிப்பதால் மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்கள் வண்டி டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ளதென்றால், டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் தேங்கி நின்றால் குற்றவாளி டர்போவின் சீலாக இருக்கலாம். என்ஜினைத் தொடாமலே சரி செய்துவிடலாம். அங்கே சுத்தமாக இருந்தால், என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன. பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கோளாறு அந்த ஒன்றில். நான்கும் ஒன்றுபோலக் குறைந்தால் பொதுவான தேய்மானம். இவை எல்லாமே ஓவர்ஹாலில், அதாவது என்ஜினைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவதில், தீரும் வியாதிகள்தாம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கும் என்ஜின் நம்பர், சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலான பிளாக்கில்தான் அடித்திருக்கிறது. கிராங்க், ஹெட், டீசல் பம்ப், பிஸ்டன் எதை மாற்றினாலும் பிளாக் உங்களுடையதாக இருக்கும்வரை ஆர்.சி.யில் கை வைக்க வேண்டியதில்லை. முழு என்ஜினை மாற்றினால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்துப் புதிய நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் எஃப்.சி.யில் நிற்கும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். ‘பழைய நம்பரையே புது பிளாக்கில் அடித்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம். வண்டியே போலீஸ் நிலையத்தில் போய் நிற்கும்.

அதனால் என் யோசனை: உங்கள் பிளாக்கை வைத்துக்கொண்டு ஓவர்ஹால் செய்யுங்கள். பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பக்கவாட்டைத் துளைத்திருந்தாலோ மட்டும் மதுரை என்ஜினை யோசிக்கலாம்.

அப்படி யோசிக்க நேர்ந்தால், போகும்போது உங்கள் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 2,956 சி.சி. என்று அளவு ஒன்றாக இருந்தாலும் இந்த வண்டியின் 497 வகை என்ஜினில் டர்போ உள்ளதும் இல்லாததும் உண்டு. பிஸ்டன், பம்ப் செட்டிங், மேனிஃபோல்டு எல்லாம் வேறுபடும். பம்ப்பின் தகட்டில் உள்ள எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். என்ஜினைக் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். பிளாக்கில் கை வைத்துப் பார்க்கும்போதே சூடாக இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டிக் காட்ட வசதியில்லை என்றால் என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்க்கில் பொருந்தும் ஒரு பேரிங் ஷெல்லை எடுத்துப் பாருங்கள். உட்புறச் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். ஷெல்லின் முதுகில் அளவு அடித்திருக்கும். ஸ்டாண்டர்டு என்றால் கிராங்க்கை இன்னும் கிரைண்டிங் செய்து தேய்க்கவில்லை. 0.25, 0.50 மி.மீ. என்று போகப் போக மிச்சமிருக்கும் ஆயுள் குறைகிறது. என்ஜின் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் கோடு தெரிந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி தேவிபட்டினம் வண்டி. வழியில் வண்டியை நிறுத்துவது என்ஜின் மட்டும் அல்ல. கியர் பாக்ஸ், கிரவுன் பினியன் (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கர ஜோடி), ஸ்டார்ட்டர், ஹப் என்று எதுவும் நிறுத்தும். அந்த வகையில் உடைப்பு வண்டி ஒரு நல்ல கையிருப்பு. ஆனால் கடற்காற்றில் இரண்டு வருடம் நின்ற வண்டியில் எது பிழைத்திருக்கும் என்று தெரிந்து விலை பேச வேண்டும். ஆயிலுக்குள் மூழ்கி, மூடிய கூட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் தப்பியிருக்கும்: கியர் பாக்ஸ், பின் ஆக்சில் உள்பாகங்கள். வடிகாலைத் திறந்து வரும் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேட்டர், வயரிங், கதவின் அடிப்பகுதி, பிரேக் பைப் ஆகியவற்றுக்கு ஒரு பைசாவும் மதிப்புப் போடாதீர்கள். முன்பக்கம் அடிபட்ட வண்டி என்பதால் அதன் முன் ஆக்சில், ஸ்டியரிங் பாகங்கள் எதையும் உங்கள் வண்டியில் மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று உள்ளே இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதன் என்ஜினைச் சோதிக்க, டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் முன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். முழுச் சுற்று வந்தால் கிராங்க், ஹெட், பம்ப் மூன்றும் உங்கள் ஓவர்ஹாலுக்கு உதவ வாய்ப்புண்டு. அசையவில்லை என்றால் என்ஜினுக்கு இரும்பு விலைதான். கிரவுன் பினியனை எடுக்கும்போது பல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஜோடியாகவே எடுங்கள். கிரவுனை ஒரு வண்டியிலும் பினியனை இன்னொரு வண்டியிலும் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும், சீக்கிரமே பல் உதிரும்.

விலைக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: அந்த வண்டியிலிருந்து உங்களுக்கு இப்போதே தேவைப்படும் மூன்று பாகங்களைப் பழைய சாமான் கடையில் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகுமோ, அதற்கு மேல் தராதீர்கள். அந்த விலைக்குப் படியவில்லை என்றால் கடலை விட்டுத் தள்ளித் தேடுங்கள். விருதுநகர், நாமக்கல் பக்கம் நிற்கும் அதே வயது வண்டியின் தகடுகூட உதவும்.

காகிதம் இல்லாமல் உடைப்பு வண்டியைத் தொடக் கூடாது. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் பென்சிலால் டிரேஸ் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். தேசிய குற்றப் பதிவேடுகள் அமைப்பின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அந்த நம்பர்களைப் போட்டால் திருட்டு வண்டியா என்று தெரியும். கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இனி ஓடாத வண்டி என்றால் அதன் உரிமையாளர் 55ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பதிவு ரத்தான அத்தாட்சியின் நகலை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

வேலையை எப்போது செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வண்டிக்கு லோடு குறையும் அந்த 61 நாளில் என்ஜினைப் பிரித்தால் வருமான இழப்பு குறைவு. அதற்கு முன்பே, மார்ச்சிலேயே, லேத் பட்டறையில் சொல்லி வையுங்கள். உங்களைப் போலவே மற்ற மீன் வண்டிக்காரர்களும் அப்போது அங்கே வந்து நிற்பார்கள்.

கழற்றிய உதிரிகளை வீட்டு வாசலில் போட்டுவைத்தால் ஒரு ஐப்பசி மழையோடு போய்விடும். கிராங்க்கைக் கிரீஸ் தடவி, துணி சுற்றி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். முழு என்ஜினாக வைப்பதென்றால் தண்ணீரை வடித்துவிட்டு, சிலிண்டர்களில் ஆயில் விட்டு, காற்று போகும் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டைமேல் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை கையால் ஒன்றேகால் சுற்று சுற்றிவிட்டால் ரிங் பழைய இடத்திலேயே நிற்காது, போரில் துருக் கோடு விழாது.