கூடத்துக்கு வந்து படியுங்கள்

கேள்வி: கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன், வயது 46. ஊரிலிருந்து வந்த உரையுடன் கூடிய கந்தபுராணத்தைப் பல ஆண்டுகளாகத் தொடங்குவதும், நகரப் படலத்தோடு நின்றுவிடுவதும், பின்பு முதலிலிருந்து தொடங்குவதுமாக இருக்கிறேன். விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிக்கிறேன். ஏனெனில் எங்களுடன் இருக்கும் அப்பா (81 வயது, பார்வை குறைந்துவிட்டது) கூடத்திலிருந்து "எந்தப் படலம் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்; கவனம் கலைந்துவிடும். ஒரு காலத்தில் ஊர்க்கோயிலில் புராணப் பாடல்களுக்குப் பயன் (பொருள் விளக்கம்) சொன்னவர் அவர். நூலை முடிக்க வழி உண்டா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: பாதியில் நிற்கும் புத்தகங்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு ஓயாமல் கடிதம் வருகிறது; செப்டெம்பர் புத்தகக் கண்காட்சி முடிந்த பின்னர் இன்னும் அதிகமாக வரும். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது, பிடிக்காத நாவலை மூடி வையுங்கள், எழுதியவர் வீடு தேடி வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை என்பதே. உங்களுக்கு அதைச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார், அவர் கேட்பது காதில் விழக்கூடாது என்று நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள். அதையும், தெருவில் போகும் பஸ்ஸின் இரைச்சலைப் பற்றிக் குறைப்படுவதுபோல, இடையூறுகளில் ஒன்றாக எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள்.

கச்சியப்ப சிவாசாரியார் பாடிய 10,345 பாடல்களும் யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது, அவரவர் தனித்தனியே அறைக்குள் இருந்து படித்ததனால் அல்ல. கோயில் மண்டபத்தில் ஒருவர் பாடலை இசையோடு படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஏட்டில் ஓர் எழுத்தும் அறியாத கிழவிகூட அடுத்து வரப்போவது இன்னதென்று தெரிந்து கேட்டிருந்தாள். ஈழத்துத் தமிழறிஞர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்த வாழ்க்கையையே கந்தபுராணக் கலாசாரம் என்று அழைத்தார். நீங்கள் நின்றுபோகும் இடத்திலும் வியப்பில்லை. ஆற்றையும் நாட்டையும் நகரையும் வருணித்த பின்னரே கதைக்குள் நுழைவது காப்பிய மரபு. அங்கே தனியே படிப்பவர் களைத்துப்போவார். காஞ்சியின் மதிலும் மாடமும் எதற்காக இத்தனை பாடல்களில் வருகின்றன என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் கதவுக்கு வெளியே, சாய்மனைக் கதிரையிலோ கட்டிலிலோ, வேலையின்றி இருக்கிறார்.

பெற்றோரைக் கொழும்புக்கு அழைத்துவந்து, நேரத்துக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, மாதம் ஒருமுறை கண் வைத்தியரிடம் காட்டினால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நாம் பழகிவிட்டோம். ஊரையும் கோயிலையும் தன் சொல்லைக் கேட்டிருந்த சபையையும் விட்டுவந்து, இப்போது பார்வையையும் இழந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, தான் கற்றதைச் சொல்வதைத் தவிர வேறென்ன மிஞ்சியிருக்கிறது? வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பை நான் அறியாதவள் அல்லள். ஆயினும் தகப்பனின் அறிவைக் கூடத்தில் வைத்துவிட்டு, அதையே அறைக்குள் அச்சில் தேடும் பிள்ளைக்கு அந்தக் களைப்பைக் காரணமாக ஏற்க எனக்கு மனமில்லை.

இன்னோர் ஐயமும் உண்டு. உரக்கப் படித்தால் சீர் பிரிக்கத் தெரியாமல் தடுமாறுவீர்கள், அவர் திருத்துவார், 46 வயதில் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தப்படுவது கசக்கும். கதவு அதற்காகவும்தான் சாத்தப்படுகிறதோ? அப்படியானால் அந்தக் கூச்சத்தை விழுங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் பிழை விடுவதில் ஒரு மானக்கேடும் இல்லை.

இரவு உணவுக்குப் பின் அவர் அருகே இருந்து 20 பாடல்கள் படியுங்கள். ஒரு நாளும் தவறாவிட்டால் முழுநூலுக்கும் ஏறத்தாழ 17 மாதங்கள் ஆகும். 81 வயதானவரோடு படிக்கும்போது வரிசையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மறுபடி முதல் பாடலுக்குப் போகவும் வேண்டாம். சூரபன்மன் வதையைக் கேட்க அவர் ஆசைப்பட்டால் நேரே யுத்த காண்டத்தைத் திறவுங்கள். பாடலை மட்டும் நீங்கள் படியுங்கள். உரையை மூடிவிட்டுப் பயனை அவர் வாயால் கேளுங்கள். கைபேசியில் பதிவுசெய்ய விரும்பினால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், சபையில் சொல்வதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல அவருக்கும் விருப்பம் இருக்கும்.