ஃபிலிம் நுவார்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: ஐயா, நுவார் என்றால் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம்தானே?

ப: பெரும்பாலும் ஹாலிவுட்டின் பழைய, இருண்ட குற்றக்கதைப் படங்களைத்தான் நுவார் என்கிறோம். அவற்றில் துப்பறிவாளரே கதாநாயகனாக இல்லாதவை நிறைய உண்டு. பில்லி வைல்டர் 1944இல் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டடி பட்ட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் ராத்திரியில் ஆபீசுக்கு வந்து, டிக்டாஃபோனில், அதாவது குரலைப் பதிவு செய்யும் கருவியில், பேச உட்காருகிறான். பணத்துக்காகவும் ஒருத்திக்காகவும் கொன்றேன், இரண்டுமே கைக்கு வரவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். அப்புறம் கொலைகாரன் யார் என்ற கேள்வி ஏது? தப்பு என்று தெரிந்தே ஒருவன் எப்படிப் படிப்படியாகச் சறுக்கினான் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். என்னைக் கேட்டால் நுவார் அதுதான். மழை, தொப்பி, சிகரெட் புகை எல்லாம் மேல்பூச்சு.

ஒரு வேண்டுகோள்: இருட்டாக இருக்கிறதே என்று டிவியில் பிரைட்னஸை ஏற்றாதீர்கள்.

கே: முகத்தில் கோடு கோடாக நிழல் விழுகிறதே, அது எப்படி?

ப: நல்ல கேள்வி. ஜன்னலில் வெனிஷியன் பிளைண்ட் (பட்டை பட்டையான மறைப்பு), அதற்குப் பின்னால் வலுவான ஒரு விளக்கு. நிழலை நிரப்புகிற ஃபில் லைட்டைக் குறைத்துவிட்டால் கோடுகள் கத்தி போல விழும். 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு ஒளிப்பதிவு ஜான் சைட்ஸ். படத்தில் வரும் பழைய வீட்டின் தூசி கேமராவில் தெரிய வேண்டும் என்று காற்றில் அலுமினியப் பொடியைப் பறக்கவிட்டார் மனிதர்! இந்த நிழல் ஆட்டத்தின் வேர் 1920களின் ஜெர்மன் சினிமாவில் இருக்கிறது. நுவார் எடுத்த இயக்குநர்கள் ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், வைல்டர் மூவருமே ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர்கள்.

பிரைட்னஸை ஏற்றினால் இத்தனை உழைப்பும் சாம்பல் நிறமாகிவிடும்.

கே: இந்தப் பெயரை வைத்தது யார்?

ப: நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர், 1946இல், பாரிசில். படம் எடுத்த ஹாலிவுட்காரர்கள் பெரும்பாலும் மெலோடிராமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கே: மயக்கிக் கவிழ்க்கும் பெண் கடைசியில் செத்தே ஆக வேண்டுமா?

ப: 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதி கறார். குற்றம் செய்தவர் தப்பிக்கக் கூடாது. அதுவரை படத்தில் அவளைவிடப் புத்திசாலி பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

கே: சார், கறுப்பு வெள்ளையாக இருந்தால்தானே நுவார்?

ப: 1945இல் வந்த 'லீவ் ஹெர் டு ஹெவன்' நுவார்தான், ஆனால் டெக்னிகலரில் எடுத்த வண்ணப் படம்.

கே: நம் 'அந்த நாள்' நுவார்தானே?

ப: பாதி. எஸ். பாலச்சந்தர், 1954, ஒரு பாட்டுகூடக் கிடையாது, நிழல்கள் அபாரம். ஆனால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, போலீஸ் கொலையாளியைத் தேடுகிற படம் அது.

கே: அண்ணா, பாதி என்று எப்படிச் சொல்லலாம்? சிவாஜி ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறார். முடிவு முதலிலேயே தெரிகிறது. நீங்கள் சொன்ன இலக்கணம்தானே?

ப: அடி பலம்தான். ஆனால் அந்த ஏஜென்ட் போல அவர் தன் வாயால் தன் சறுக்கலைச் சொல்வதில்லை தம்பி. மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

கே: தன் வாயால் சொன்னால்தான் நுவார் என்றால், 1941 'மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் கதாநாயகன் குரலில் கதை சொல்லலே கிடையாதே. அதையும் பாதி என்பீர்களா?

ப: சரி, மாட்டிக்கொண்டேன். முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: முழுசு!

ப: முக்கால்.

கே: ஐயா, நுவார் என்றால் துப்பறியும் படமா?

ப: முதல் பதில். அப்படியே பிரைட்னஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.